இரண்டரைக் கட்டையில் மோட்ஸார்ட்: திருகோணமலையில் ஒரு வயலின், வயோலாக் கச்சேரி

"ஆயிரம் ரூபாய் குடுத்துப் போனியள், பெறுமதியோ?" என்று சந்தையிலும் கோயிலிலும் கண்டவர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். கச்சேரியின் நடுப்பகுதிக்கு மட்டும் என்றால் இரண்டாயிரமும் கொடுக்கலாம். முதல் அரைமணித்தியாலத்துக்கு ஐந்நூறே கூட. மண்டபம், ஒலிபெருக்கி, அறிவிப்பாளர் இந்த மூன்றுக்கும் சேர்த்து நடத்தியவர்கள்தான் எனக்குக் காசு தரவேண்டும்.

நான் கர்நாடக வயலின் படிப்பிக்கிறவள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதும், திருவிழாக் காலத்தில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதும்தான் தொழில். மேலைத்தேய இசையில் பட்டம் எதுவும் கையில் இல்லை. இது ஒரு பக்கவாத்தியக்காரியின் காதால் கேட்ட மதிப்பீடு என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள். அந்தக் காதுக்குத்தான் இந்தக் கச்சேரியில் நிறைய வேலை இருந்தது.

வந்தது கொழும்பிலிருந்து ஒரு சிறிய இசைக்குழு. நரம்பு வாத்தியக்காரர் இருபது பேருக்குள், ஊதுகிறவர்களில் இரண்டு ஹோர்ன், இரண்டு ஓபோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓபோவும் ஒரு கிளாரினெட்டும். இரண்டாவது ஓபோக்காரர் ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கிளாரினெட்காரப் பொடியன் அந்தப் பங்கைக் குழப்பமில்லாமல் வாசித்து முடித்தான், அவனுக்கு ஒரு சபாஷ். இடம், கடற்கரைப் பக்கமாக இருக்கும் ஒரு பழைய மண்டபம். ரிக்கற்றில் ஆறரை என்று போட்டிருந்தது. தொடங்கும்போது ஏழு தாண்டிவிட்டது. நம்ம ஊரில் அது தாமதத்தில் சேர்த்தி இல்லை.

ஓகஸ்ட் மாதம், கச்சான் அடிக்கிற காலம். கச்சான் என்றால் மேற்கிலிருந்து காட்டையும் வயலையும் வறுத்துக்கொண்டு வருகிற காய்ந்த காற்று. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அதன் குணம் தெரியாது, வயலின் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாரியில் ஈரம் குடித்து ஊதிப்போய் அசையாமல் நிற்கும் பிரடை (தந்தியை முறுக்குகிற மர ஆணி), கச்சானில் மரம் சுருங்கித் தானாக வழுக்கும். வயோலா வாசித்த அம்மா திரைக்கு அருகே நின்று பிரடையை உள்பக்கமாக அமுக்கி அமுக்கித் திருகுவதை நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தேன். திருகிவிட்டுக் காதருகே கொண்டுபோய்த் தந்தியை நகத்தால் சுண்டுகிறார். கையை எடுத்ததும் அது இறங்குகிறது. மறுபடி அமுக்குகிறார். எங்கள் வகுப்பில் இந்த மாதங்களில் பிரடையில் கொஞ்சம் சோக்குத் தூள் தடவி விடுவோம். எழும்பிப் போய்ச் சொல்லலாமா என்று கால் துடித்தது. பக்கத்தில் இருந்த கணக்கு மாஸ்டர், "சும்மா இருங்கோ ரீச்சர், அவை கொழும்பு ஆக்கள்" என்று இருத்திவிட்டார்.

முதலில் நரம்பு வாத்தியங்களுக்கு மட்டுமான ஒரு சின்ன உருப்படி. மோட்ஸார்ட் 1772இல், பதினாறு வயதில் எழுதிய டீ மேஜர் டிவெர்ட்டிமென்டோ, அதாவது பொழுதுபோக்குக்கான இலேசான இசை. சுறுசுறுப்பான பிள்ளை எழுதியது போல்தான் இருந்தது. கை சூடாக்கவும், பிந்தி வருபவர்கள் கதிரை இழுக்கவும் பயன்பட்டது. இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்ததுதான் விஷயம். மோட்ஸார்ட்டின் சின்ஃபோனியா கொன்செர்டான்டே, ஈ ஃப்ளாட் மேஜர், அவருடைய உருப்படிகளுக்கு இலக்கமிட்ட கேஷல் பட்டியலில் 364. 1779இல் சொந்த ஊரான சால்ஸ்பர்க்கில் எழுதியது. வயலினுக்கும் வயோலாவுக்கும் சமபங்கு கொடுத்து, பின்னால் முழு இசைக்குழுவையும் நிறுத்தி, ஏறக்குறைய அரைமணித்தியாலம் ஓடும் மூன்று பகுதிகள். நம்ம கணக்கில் சொன்னால் சுருதி இரண்டரைக் கட்டை, மேளம் சங்கராபரணம். அந்த ஆண்டில் முத்துசுவாமி தீட்சிதர் நாலு வயதுப் பிள்ளை. வயலினை நம்ம சங்கீதத்துக்குக் கொண்டுவந்த அவருடைய தம்பி பாலுசுவாமி பிறக்கவே இல்லை. இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி மேடையை நினைத்துப் பார்க்க முடியுமா?

வயோலா எங்கள் பக்கத்தில் அதிகம் காணாத வாத்தியம். பாலமுரளிகிருஷ்ணா வாசிப்பார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். என்னோடு வந்த தரம் ஒன்பது மாணவி மேடையைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், ரெண்டும் ஒண்டுதானே, ஒண்டு கொஞ்சம் கொழுத்திருக்கு" என்றாள். பார்வைக்கு அவ்வளவுதான். வயலினின் உடல் நீளம் பதினாலு அங்குலம், வயோலா பதினைந்திலிருந்து பதினேழுவரை எதுவாகவும் இருக்கலாம், அதற்கு நிலையான அளவு இல்லை. தந்திகள் வயலினைவிட ஐந்து சுரம் கீழே: வயலினின் மேல்தந்தி இதில் இல்லை, அதற்குப் பதில் அடியில் ஒரு தடித்த தந்தி. பிரச்சினை என்னவென்றால், இவ்வளவு கீழே இறங்குகிற வாத்தியத்துக்கு உடம்பு இன்னும் பெரிதாக இருக்கவேண்டும். அப்படிச் செய்தால் தோளில் வைத்து வாசிக்க ஏலாது. கைக்கு அடங்கவேண்டும் என்று உடலைக் குறுக்கியதால் நாதம் கொஞ்சம் மூக்கடைத்தது போல, உள்ளுக்குள் பேசுவது போல வரும். குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நாதத்தில்தான் ஆசை. பாடகரின் சுருதிக்காக ஸ-ப-ஸ-ப என்று கீழே இறக்கிச் சுருதி சேர்த்து வாசிக்கிற எங்கள் வயலினின் அடித்தந்திக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே குரல்.

மோட்ஸார்ட்டும் வயோலா பிரியர்தான், கூட இருந்து வாசிக்கிறபோது அதை விரும்பி எடுப்பாராம். வயலின் பக்கத்தில் நின்றால் வயோலாவின் குரல் அமுங்கிவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அவர் செய்த வேலை கேட்டால் நம்ம வித்துவான்கள் சிரிப்பார்கள். வயோலாவின் நாலு தந்திகளையும் அரைச் சுரம் ஏற்றிச் சுருதி சேர்க்கச் சொல்லிவிட்டு, அதன் பங்கை மட்டும் டீ மேஜரில் எழுதி வைத்தார். வாசிப்பவர் டீ மேஜரில் விரல் வைப்பார், கேட்பது ஈ ஃப்ளாட்டில் கேட்கும். தந்தி இறுகுவதால் குரல் பளிச்சென்று எழும்பும், டீ மேஜரில் திறந்த தந்திகள் நிறையக் கைகொடுப்பதால் கார்வையும் கூடும். வயலினுக்கு அந்த வசதி இல்லை. இருவரையும் சமன் செய்ய இதைவிடக் கெட்டித்தனமான வழி கிடையாது. அங்கே இதைப் பெரிய உத்தியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் ஒவ்வொரு பாடகருக்கும், ஒவ்வொரு மேடையிலும் தந்தியை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் சீவிக்கிறோம்.

அன்றைக்கு அந்த அம்மா அப்படி ஏற்றிச் சேர்க்கவில்லை. வழக்கமான சுருதியில்தான் வாசித்தார். இப்போது பெரும்பாலானோர் அப்படித்தான் வாசிக்கிறார்கள், புது வகைத் தந்திகள் போதிய சத்தம் தரும் என்ற நம்பிக்கை. கச்சானில் வழுக்குகிற பிரடையோடு அரைச் சுரம் ஏற்றுவது தற்கொலை என்பதும் சரிதான். ஆனால் அந்த மண்டபத்தில் அந்த அரைச் சுரம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை முதல் பகுதி காட்டிக்கொடுத்தது.

முதல் பகுதி கம்பீரமாகத் தொடங்குகிறது. முழுக்குழுவும் சேர்ந்து தட்டுகிற கனத்த சுரக்கட்டுகள், பிறகு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உச்சிக்குப் போகும் ஒரு நீண்ட பெருக்கம். மன்ஹைம் நகரத்து இசைக்குழுவில் இந்த ஏற்றத்தைக் கேட்டுவிட்டு வந்துதான் மோட்ஸார்ட் இதை எழுதினார். குழுவுக்குள்ளேயும் வயோலாக்காரர்களை இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பங்கு கொடுத்திருப்பதால் நடு இடம் தடிப்பாக இருக்கிறது. இந்தக் குழுவில் வயோலா நாலே பேர்தான், அந்த நாலு பேரும் உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். பிறகு குழு ஓய்ந்து வருகிற இடத்தில், எப்போது தொடங்கினார்கள் என்றே பிடிபடாதபடி, தனி வாசிக்கும் இருவரும் ஈ ஃப்ளாட்டை மேலும் கீழுமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். 'நான் வந்துவிட்டேன்' என்று காட்டிக்கொண்டு வருகிற வரவே இல்லை. ஏற்கெனவே நின்றவர்களை இப்போதுதான் காண்கிறோம். இசை நுழைவுகளில் இதைவிட அழகானது நான் கேட்டதில்லை.

கேட்டதில்லை என்றேனா, அன்றைக்கு அதில் பாதிதான் கேட்டது. வயலின் கேட்டது, வயோலா கேட்கவில்லை. இதற்குக் காரணம் இரண்டு.

மைக் ஒன்று. நடத்துநருக்கு முன்னால் ஒரேயொரு மைக்கை நட்டுவைத்திருந்தார்கள், அதுவும் வயலின்காரர் நின்ற பக்கமாக. கல்யாண வீட்டுக்கு வைக்கிற பெட்டிகள் இரண்டு மண்டபத்தின் மூலைகளில். வயலின்காரத் தம்பி வில்லைத் தொட்டாலே கண்ணாடி உடைகிற மாதிரி வருகிறது, வயோலா எங்கோ பக்கத்து அறையில் வாசிக்கிறது. இப்படிப்பட்ட குழுவுக்கு மைக்கே தேவையில்லை. இருநூறு பேர் இருக்கிற மண்டபத்தில் வெறும் மரமும் தந்தியும் தாராளமாகக் காணும்.

அடுத்தது நின்ற இடம். வயலின்காரர் நடத்துநரின் ஒரு பக்கம், வயோலா மறுபக்கம், ஒருவரை ஒருவர் பார்த்தபடி. பார்க்க அழகுதான். ஆனால் தோளில் வைத்த வாத்தியத்தின் முகம் வாசிப்பவரின் வலப்பக்கத்தைத்தான் பார்க்கும். மேடையில் வயோலா நின்ற பக்கத்தில் நின்று உள்ளே திரும்பினால், எஃப் வடிவத் துளைகள் சபையைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்க்கும். ஏற்கெனவே அடங்கிய குரல் உள்ளதை, முதுகு காட்டவைத்துவிட்டார்கள். இருவரையும் ஒரே பக்கத்தில், ஒருவர் பின் ஒருவராக நிறுத்தியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இதையெல்லாம் ஒத்திகையில் யாராவது கதிரையில் வந்து இருந்து கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

காடென்சா வந்தபோதுதான் சமநிலை வந்தது. குழு நின்றுவிட, இருவர் மட்டும். வழக்கமாக இந்த இடத்தில் வாசிப்பவர் தன் கற்பனையைக் காட்டுவார். இங்கே இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதால் மோட்ஸார்ட்டே எழுதி வைத்துவிட்டார். முன்கூட்டிப் பேசிவைத்த கோர்வையை இரண்டு மிருதங்கக்காரர் சேர்ந்து முடிக்கிறபோது சபைக்கு வருகிற அந்தக் குஷி இங்கேயும் வந்தது. முடிந்ததும் மண்டபம் கைதட்டியது.

இங்கேதான் அறிவிப்பாளர் எழும்பினார். "பகுதிகளுக்கு இடையில் கைதட்டுவது மேலைத்தேய சாஸ்திரிய இசையின் பண்பாடு அல்ல, தயவுசெய்து அமைதி காக்கவும்" என்று ஒலிபெருக்கியில் ஒரு போதனை. நிகழ்ச்சித் தாளை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டவர்களுக்குத் தமிழில் சொல்ல அன்றைக்குக் கிடைத்தது இந்த ஒரு விஷயம்தான். மாஸ்டர் முகம் சிவந்துபோய், "நல்லா இருந்தாக் கைதட்டாம பின்ன என்ன செய்யிறது?" என்றார்.

மாஸ்டர் பக்கம்தான் மோட்ஸார்ட்டும். இந்த உருப்படிக்கு முந்திய ஆண்டு அவர் தாயாரோடு பாரிஸில் இருந்தார். 1778 ஜூனில் அங்கே அவருடைய புதிய சிம்பொனி ஒன்றை வாசித்தார்கள். ஜூலை 3ஆம் திகதி தகப்பனுக்கு எழுதிய கடிதத்தில், முதல் பகுதியின் நடுவிலேயே, தான் எதிர்பார்த்துவைத்த இடத்தில் சபை கைதட்டியது என்று சந்தோஷம் பொங்க எழுதுகிறார். பகுதி முடியும்வரை அவர்கள் பொறுக்கவில்லை, அவரும் அவர்கள் பொறுக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. முடிந்த கையோடு போய் நல்ல ஐஸ் வாங்கிச் சாப்பிட்டாராம், நேர்ந்துகொண்டபடி ஜெபமாலையும் சொன்னாராம். அந்த இருபத்திரண்டு வயதுப் பொடியன், சபை எந்தச் சங்கதிக்கு 'ஆஹா' சொல்லும் என்று கணக்குப் பார்த்து எழுதுகிற ஆள். நம்ம சபைக்கு அவரை நன்றாகவே விளங்கும்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்குக் கடுமையான வருத்தம் என்றுதான் தகப்பனுக்கு எழுதுகிறார். அம்மா அன்றைக்கே செத்துப்போனார். அதே இரவில் சால்ஸ்பர்க்கில் இருந்த ஒரு குடும்ப நண்பருக்கு உண்மையை எழுதி, தகப்பனைப் பக்குவமாக ஆயத்தப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். தாயோடு புறப்பட்டவர், 1779 ஜனவரியில் தாயில்லாமல் சால்ஸ்பர்க் திரும்பினார். இந்த உருப்படி அதற்குப் பிறகு வந்தது. இரண்டாம் பகுதியைத் தாயின் ஒப்பாரி என்று நிறையப் பேர் சொல்வார்கள். அவர் அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆகவே நான் அப்படிச் சொல்லமாட்டேன். கேட்கிறபோது அந்தக் கடிதம் ஞாபகம் வராமலும் இல்லை.

இரண்டாம் பகுதிக்கு முன்னால் நடத்துநர் செய்த ஒரு காரியத்துக்காக அவருக்கு மாலை போடலாம். மேடை ஓரத்துக்கு வந்து சவுண்ட்காரத் தம்பியைக் கூப்பிட்டு, மைக்கை அணைக்கச் சொன்னார். பிறகு மேலே கையைக் காட்டி, காத்தாடிகளையும். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஓகஸ்ட் மாதத்தில் காத்தாடி இல்லாத மண்டபம் என்றால் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நிகழ்ச்சித் தாள் கடைசியில் விசிறியாகப் பயன்பட்டது.

அதன்பிறகு வயோலா கேட்டது.

இந்தப் பகுதி சீ மைனர், ஒரு கட்டை. மெதுவான மூன்று எண்ணிக்கை. நடபைரவி என்று சொல்லலாம், நிஷாதம் ஏறுகிற இடங்களில் கீரவாணி எட்டிப் பார்க்கும். வயலின் முதலில் தனியாக அந்த மெட்டைப் பாடுகிறது. கீழே குழு மெல்லத் துடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு வயோலா அதே மெட்டை எடுக்கிறது. பக்கவாத்தியக்காரிக்கு இந்த இடத்தில் உள்ளங்கை வியர்க்கும், ஏனென்றால் இதுதான் எங்கள் வேலை. பாடகர் ஆலாபனையை முடித்து வாயை மூடியதும் நாங்கள் எடுக்கவேண்டும். அவர் போன இடத்துக்குப் போகவேண்டும், அவர் போகாத இடத்துக்குப் போனால் முறைப்பார், குறையப் போனால் சபை முறைக்கும். நிழலாக இருக்கத்தான் படித்திருக்கிறோம்.

வயோலா நிழலாக இருக்கவில்லை. வயலின் சொன்னதையே தொடங்கி, நடுவில் வழியை மாற்றி, ஈ ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. நடபைரவியின் காந்தாரத்தை ஸட்ஜமாக்கினால் சங்கராபரணம் வரும் என்று கிரகபேதம் படிப்பிக்கிறபோது கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி கொப்பியில் எழுதுவார்கள். அது ஒரு மனிதக் குரல் போல நடந்ததை அன்றைக்குத்தான் கண்ணெதிரே பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த மெட்டு அப்படியே இருக்க, அடியில் நிலம் மட்டும் மாறி வெளிச்சம் வருகிறது. மாற்றியது பெரிய வாத்தியக்காரர் அல்ல, இரண்டாவதாக வந்தவர். என் மாணவி காதுக்குள் சொன்னாள்: "ரீச்சர், வயலின் அழுதுகொண்டு கேக்குது. மற்றது, 'சரி சரி, இஞ்சால வா' எண்டு சொல்லுது." சங்கீத சபைப் பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி கிடைக்காது, நான் என்றால் முழுப் புள்ளியும் போடுவேன்.

அந்த அம்மாவின் வலக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். மெட்டு கீழ்த்தந்திக்கு இறங்குகிற இடங்களில் வில்லைத் தந்திகளைத் தாங்குகிற பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், நீளமாக இழுக்காமல், பாரம் கொடுத்து மெதுவாக நகர்த்தினார். தடித்த தந்தி உடனே பேசாது, வில் பிடித்த ஒரு கணத்துக்குப் பிறகுதான் குரல் வரும். அந்தக் கணத்தை அவர் முன்கூட்டியே எண்ணி வைத்திருந்ததால், வயலினுக்குப் பின்னால் ஒருபோதும் இழுபடவில்லை. இடக்கையில் அசைவும் குறைவு. வயலின்காரத் தம்பி ஒவ்வொரு சுரத்தையும் நடுக்கினார், "ஏன் ரீச்சர் கையை நடுக்கிக்கொண்டே இருக்கிறார்?" என்று என் மாணவி கேட்கும் அளவுக்கு. அவர்களுக்கு அது அழகு, எங்களுக்குக் கமகம் அழகு, அதில் வழக்கு இல்லை. ஆனாலும் வயோலா சில நீண்ட சுரங்களை நடுக்காமல் வெறுமையாகப் பிடித்து, முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அசைத்தபோது, கார்வையின் அருமை தெரிந்த கை அது என்று புரிந்தது.

இருவரும் மாறி மாறிச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பேசிக்கொள்ளும் இடங்கள், பிறகு மறுபடி ஒரு காடென்சா, அதுவும் மோட்ஸார்ட் எழுதியதே. வியர்வை முதுகில் ஓட, ஜன்னலுக்கு வெளியே ஓட்டோச் சத்தம் கேட்க, இருநூறு பேரும் அசையாமல் இருந்தார்கள். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அறிவிப்பாளர் அதைத் தன் வெற்றியாக எடுத்திருப்பார், இருக்கட்டும்.

மூன்றாம் பகுதி ப்ரெஸ்டோ, அதாவது மிக வேகம். துள்ளல் நடை, நடனக் கூத்து. இதில் ஹோர்ன் இரண்டுக்கும் திறந்த வெளியில் வந்து ஊதுகிற இடங்கள் உண்டு. முதல் தடவை ஒரு சுரம் கிழிந்தது, அடுத்த தடவை சரிவந்தது. அதைவிடப் பெரிய குறை காலப்பிரமாணம். காத்தாடி போடவேண்டும் என்ற அவசரமோ என்னவோ, நடத்துநர் ஓடியே விட்டார். வயலினுக்கு அந்த வேகம் பிரச்சினையில்லை. தடித்த தந்தியில் வயோலா அதே சங்கதியைத் திருப்பிச் சொல்கிறபோது சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இந்த உருப்படியின் வேகத்தை நிச்சயிக்கவேண்டியது வயோலா. அது தெளிவாகச் சொல்லக்கூடிய வேகம்தான் சரியான வேகம். கடைசியில் வயோலா கீழிருந்து ஏறிவர, வயலின் அதையும் தாண்டி உச்சி ஈ ஃப்ளாட்டைப் பிடிக்கிற இடம் மட்டும் எந்த வேகத்திலும் கெடாது. அங்கே மாஸ்டர் யாருக்கும் காத்திராமல் எழும்பி நின்று கைதட்டினார்.

மேலதிகமாக, குழு இல்லாமல் இருவர் மட்டும், ஹன்டெலின் பாஸகாலியாவை வாசித்தார்கள். ஜீ மைனர், நோர்வேக்காரர் ஜோஹான் ஹால்வொர்சன் வயலினுக்கும் வயோலாவுக்கும் ஏற்றபடி செய்தது. ஒரே அடிப்படைச் சுரவரிசை திரும்பத் திரும்ப வர, மேலே விதம்விதமாக மாற்றிக்கொண்டே போவது. ஒரே வரியை விதம்விதமாக விரிக்கிற நிரவல் கேட்டுப் பழகிய சபைக்கு விளக்கமே தேவைப்படவில்லை, ஒவ்வொரு சுற்று முடிவிலும் தலைகள் தானாக ஆடின. அறிவிப்பாளர் அதற்குள் அடங்கிவிட்டார். இதை முதலில் வாசித்திருந்தால் ஊர்ச் சபை அப்போதே கைக்குள் வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனி போகிறவர்களுக்குச் சில விபரம். முன்வரிசை ஆயிரம், பின்னால் ஐந்நூறு. ஐந்நூறுக்குப் போங்கள், இந்த மாதிரிக் கச்சேரியில் நடு மண்டபத்தில்தான் எல்லாக் குரலும் கலந்து சரியாக வரும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு விலை குறைக்கவில்லை, அது பெரிய தவறு. ஊரில் வயலின் படிக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் வாசலோடு திரும்பினார்கள். இடைவேளையில் தேத்தண்ணி நல்லது, வடை பழசு. வாகனம் நிறுத்துகிற இடத்தில் மான்கள் படுத்திருந்தன, அவற்றை எழுப்பாமல் மோட்டார்சைக்கிளை எடுக்கத் தெரிந்தவர்கள் ஊர்க்காரர் மட்டும்தான். நடத்துபவர்களுக்கு என் வேண்டுதல் இவ்வளவுதான்: மைக் வேண்டாம், இருவரையும் ஒரே பக்கம் நிறுத்துங்கள், தமிழில் ஒரு பக்கத் தாள் போடுங்கள், கச்சான் முடிந்து மாரி தொடங்குவதற்கு இடையில் ஒரு நாளைப் பாருங்கள்.

போக முடியாதவர்கள் பதிவில் கேட்கலாம். ஹைஃபெட்ஸ் வயலினும் ப்ரிம்ரோஸ் வயோலாவுமாக 1956இல் செய்த பதிவு வேகத்தில் பறக்கும், கைவேலைக்காக ஒருதரம் கேட்கலாம். பெர்ல்மன் வயலினும் ஸுகர்மன் வயோலாவுமாக, நம்ம பம்பாய்க்காரர் ஸுபின் மேத்தா நடத்த, 1982இல் டெல் அவிவில் சபை முன்னால் வாசித்தது இனிமையாக இருக்கும். எனக்குப் பிடித்தது டேவிட் ஒய்ஸ்ட்ராக்கின் பதிவு. உலகம் அறிந்த வயலின் வித்துவான், மகன் ஈகோருக்கு வயலினைக் கொடுத்துவிட்டு, தான் வயோலாவை எடுத்துக்கொண்டார். இரண்டாவது பங்கை ஒரு பெரியவர் எப்படி வாசிப்பார் என்று அதில் கேளுங்கள். கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் போடவேண்டாம், அதில் வயோலாவின் அடித்தந்தி வராது, மறுபடியும் வயலின் மட்டும்தான் கேட்கும். பத்து ரூபாய் இயர்போன் என்றாலும் மாட்டிக்கொண்டு, நேரே இரண்டாம் பகுதியில் தொடங்குங்கள்.